பேரேட்டில் சாமிக்கு ஒரு பக்கம்

1

இந்த நாட்டில் கணக்குப் புத்தகத்துக்கும் ஆயுள் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து வருடம். அதுவரைக்கும் வரிக் கந்தோரிலிருந்து யார் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும், அடுத்த தை மாதத்தில் ஒரு லொறி வரும். நிலவறையில் அடுக்கியிருப்பவற்றை அள்ளிக்கொண்டு காகித ஆலைக்குப் போகும். சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் நிறுவனத்துக்கு லொறி வந்தது. இந்த முறை போனவை நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்துப் புத்தகங்கள்.

நான் யாரென்று ஊரில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். திருகோணமலை உள்துறைமுக வீதியில், கனகசபை முதலாளியின் கப்பல் சாமான் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கெழுதிய பாலையூற்றுப் பிலோமினா. இப்போது ஜேர்மனியில் பிறேமன் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறேன். இங்கேயும் கப்பல்களுக்குக் கயிறும் வர்ணமும் விற்கிற ஒரு குடும்ப நிறுவனம். இங்கேயும் கண்ணாடி, இங்கேயும் கணக்கு. இவ்வளவு கடலைத் தாண்டி வந்தும் பேரேடு உன்னை விடவில்லையே என்று என் கணவர் அன்ரன் சிரிப்பார்.

லொறி வருவதற்கு முதல்நாள் நான் நிலவறைக்குப் போனேன். அந்த வருடத்துப் பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஒரு பக்கத்தால் என் மகள் என்னிடம் வந்து சேர முடியாமலே போயிருக்கும். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சோதனை வைக்க மாட்டேன்.

2

கனகசபை முதலாளியின் கடை வாசலில் நின்றால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். வெள்ளைக்காரனின் கடற்படை போன பிறகும் தேயிலை ஏற்றவும் எண்ணெய் எடுக்கவும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நங்கூரம் போட்டதும் கப்பல் சமையல்காரன் ஒரு பட்டியல் அனுப்புவான்: முட்டை, வெங்காயம், மீன், மண்ணெண்ணெய், கயிறு. கிண்ணியா மஜீது காக்கா தன் லோஞ்சில் சாமான்களை ஏற்றிப்போய்க் கொடுத்துவிட்டுக் காசோடு திரும்புவார். முட்டைக்கு அரைச் சதம் குறைக்க முதலாளி ஒரு மணித்தியாலம் கதைப்பார். அந்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு முட்டை கூடையில் உடைந்திருக்கும்.

நான் கணக்கியல் சோதனை பாஸ் பண்ணிவிட்டுப் போனவள். கணக்குகள் மூன்று வகை என்று மனப்பாடம்: ஆளுக்குரியவை, பொருளுக்குரியவை, வருமானம் செலவுக்குரியவை. வாங்குகிற ஆளுக்கு இடப்பக்கம், கொடுக்கிற ஆளுக்கு வலப்பக்கம். ஆனால் முதலாளியின் பேரேட்டில் இருந்தது ஒரே வகைதான். ஆள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பக்கம், நிலாவெளி மீன்காரருக்கு ஒரு பக்கம், மஜீது காக்காவுக்கு ஒரு பக்கம். லோஞ்சுக்கு டீசல் அடித்தால் அது எரிபொருள் செலவாகாது, காக்காவின் பக்கத்தில் ஏறும். கடைக்கூரை ஒழுகினால் அது பழுதுபார்ப்பு ஆகாது, மேசனின் பக்கத்தில் ஏறும். எது நடந்தாலும் முதலாளி கேட்கிற கேள்வி ஒன்றுதான், யாருடைய பெயரில் எழுதுவது என்று: "ஆற்ற பேரில?"

அந்தப் பேரேட்டின் முதல் பக்கம் சாமிக்கு. சித்திரையில் புதுக்கணக்குத் தொடங்கும்போது புத்தகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் கணக்கைச் சாமி பெயரில் திறப்பார். கப்பல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் சாமி பேரில் ஏறும். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை இதை எழுதலாமோ என்று யாரோ கேட்டதற்கு, "பிள்ளையின்ர கையெழுத்து நல்லாயிருக்கு. சாமிக்கு அது காணும்" என்று முடித்துவிட்டார்.

ஒருநாள் காசுப் பெட்டியில் பதினெட்டு ரூபாய் கூட இருந்தது. நான் மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினேன். முதலாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, என்ன எழுதுறீர்?"

"பலவகை வருமானம் எண்டு, முதலாளி. மிஞ்சின காசை அதிலதான் போட வேணும். அப்பிடித்தான் படிச்சனான்."

"படிச்சது கிடக்கட்டும். உது நாங்கள் உழைச்சதோ?"

"இல்லை."

"அப்ப என்னெண்டு வருமானமாகும்? எங்கட லாச்சியில கூட இருக்கெண்டால், வேற ஒராளின்ர பொக்கற்றில குறைஞ்சிருக்கு. அந்த ஆள் வருமட்டும் சாமியின்ர பக்கத்தில போட்டு வையும்."

"ஆள் வராட்டி?"

"வராட்டிச் சாமி செலவழிக்கும். உமக்கென்ன?"

எனக்குக் கோபம். சோதனையில் பாஸ் பண்ணியவள் நான், முட்டைக்கு அரைச் சதம் பேசுகிற மனுசன் எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறார். இருந்தாலும் எழுதினேன். எட்டு மாதம் கழித்து ஒரு கிரேக்கக் கப்பல் திரும்பி வந்தது. அதன் இரண்டாவது சமையல்காரன் கடைக்கு வந்து, போன முறை அவசரத்தில் காக்காவிடம் காசைக் கூட எண்ணிக் கொடுத்துவிட்டேனோ என்று கையால் காட்டிக் கேட்டான். முதலாளி பேரேட்டைத் திறந்து சாமியின் பக்கத்தைக் காட்டி, பதினெட்டு ரூபாயையும் எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அன்று முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். கொடுக்கப் பிடித்ததால் கொடுத்தவர் இல்லை அவர். வேறு வழி இல்லை என்று நம்பியவர்.

யாரும் கேட்டு வராத காசு பங்குனி மாதத்தில் செலவாகும். கோணேசருக்கு விளக்கெண்ணெய், நோன்பு காலமென்றால் கிண்ணியாப் பள்ளிக்குக் கஞ்சி அரிசி. ஒரு வருடம் காக்காவின் லோஞ்சுக்கு ஒரு இயந்திரத் துண்டு. எல்லாம் அந்த ஒரே பக்கத்தில், சாமி பெயரில்.

3

அன்ரன் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தவர். வயிற்றில் புண் வந்து பிறேமனில் இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியால் வந்தவரைக் கப்பல் கட்டும் தளம் ஒன்று வேலைக்கு எடுத்தது. பிறகு நான் வந்தேன். மகள் றெஜினாவுக்கு அப்போது நாலு வயது ஆகவில்லை. அவளைப் பாலையூற்றில் என் அக்கா ஞானத்திடம் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று நினைத்துத்தான் வந்தேன்; ஆறு மாதம் ஒன்றரை வருடமாயிற்று.

வெளிநாட்டவர் கந்தோரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. மிகவும் பொறுமையாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினார். அன்ரனின் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. பிள்ளையைக் கூப்பிட வேண்டுமானால் எங்கள் இருவரில் ஒருவருக்காவது காலவரை இல்லாத வேலை இருக்க வேண்டும். அதை நிறுவனம் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். "அந்தக் கடிதம், பிறகு பிள்ளை" என்று மேசையில் இரண்டு விரலை ஒன்றன் பின் ஒன்றாக வைத்துக் காட்டினார். அந்த இரண்டு விரல்களும் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன.

அதுவரை மீன் தொழிற்சாலையில் இறால் உரித்துக்கொண்டிருந்த நான் இந்த நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். கணக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் லூடர்ஸ் அம்மையார். ஐம்பது வயதுக்கு மேல், சாம்பல் நிறச் சட்டை, காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். ஒரு தாளைத் தந்து ஐந்தொகை தயாரிக்கச் சொன்னார். ஒரு வியாபாரத்தில் உள்ள சொத்துகளையும், அவற்றுக்கு எதிரே கடனையும் மூலதனத்தையும் இரண்டு பக்கமாக எழுதிக் காட்டுவதுதான் ஐந்தொகை. ஆங்கிலேயன் எங்களைப் பழக்கியபடி நான் கடனையும் மூலதனத்தையும் இடப்பக்கம் எழுதினேன், சொத்தை வலப்பக்கம் எழுதினேன். ஜேர்மனியில் அது நேர்மாறு என்று எனக்குத் தெரியாது.

அம்மையார் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லீபர் கொட்" என்றார். எழுந்து ஜன்னலுக்குப் போய், தாளைப் பின்பக்கமாகத் திருப்பிக் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்த எழுத்தைப் படித்தார். இப்போது சொத்து இடப்பக்கம் வந்துவிட்டது.

"கூட்டுத்தொகை சரி" என்றார். "மே மாதத்தில் வாருங்கள். ஆறு மாதம் பார்க்கிறேன். பிறகு கடிதம்."

அவருடைய அறைச் சுவரில் ஒரு பெரிய மட்டை தொங்கும். அதுதான் கணக்குத் திட்டம். சைபரிலிருந்து ஒன்பது வரை பத்து வகுப்புகள். சைபரில் கட்டடம், இயந்திரம், மூலதனம் போல நின்று நிலைப்பவை. ஒன்றில் ரொக்கம், வங்கி, எங்களுக்கு வர வேண்டியவை, நாங்கள் கொடுக்க வேண்டியவை. முதலாளி தன் சொந்தத் தேவைக்கு எடுப்பதும் இங்கேதான். இரண்டில் தொழிலோடு நேரே சேராத, எதிர்பாராத வரவும் செலவும். மூன்றில் வாங்கிய சரக்கு, நாலில் செலவுகள், எட்டில் விற்பனை, ஒன்பதில் வருட முடிவு. ஒவ்வொரு கணக்குக்கும் நாலு இலக்கம். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். எந்தக் கொடுக்கல் வாங்கலும் இரண்டு கணக்கில் ஏறும், ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். காகிதம் இல்லாமல் ஒரு சதமும் ஏறாது.

"ஆற்ற பேரில" என்று இங்கே யாரும் கேட்பதில்லை. "என்ன வகை?" என்றுதான் கேட்பார்கள். களஞ்சிய அறையில் ஒரு பூனை இருந்தது. அதற்கு வாங்குகிற பாலை எங்கே எழுதுவது என்று கேட்டேன். அம்மையார் யோசிக்கவே இல்லை. "நாலாம் வகுப்பு, களஞ்சியச் செலவு. எலி கயிற்றைக் கடிக்காமல் பார்க்கிறது." அதே பூனையை முதலாளி ஹார்ம்ஸ் ஐயா சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனால் அன்றைய பால் ஒன்றாம் வகுப்பு, அவருடைய சொந்தக் கணக்கு. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த மட்டைமேல் ஒரு நன்றி எப்போதும் உண்டு. ஜேர்மன் பாஷையை எனக்குப் படிப்பித்தது அதுதான். வாடகை, மின்சாரம், தபால், பழுது என்று ஊர்ப் பிள்ளைகள் அரிச்சுவடி படிப்பதுபோல நாலாம் வகுப்பைப் படித்தேன். அதனால் சில தடுமாற்றங்களும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரி என் பழைய சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று கேட்டபோது, "முழுதாகத் தேய்மானம் எழுதி முடித்தாயிற்று" என்று சொல்லிவிட்டேன். அவள் தன் புருசனிடம் போய், அந்தப் பெண் பெரிய படிப்புப் படித்தவள் என்று சொன்னாளாம்.

4

ஜூலையில் லூடர்ஸ் அம்மையாருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. ஏழு வாரம் நான் தனியே. நேரடி விற்பனை, ரொக்கம், பதிவு எல்லாம் என் தலையில். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆனவளிடம் சாவியைத் தந்துவிட்டுப் போனார் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் காசு எண்ணும்போது பன்னிரண்டு மார்க் நாற்பது கூட இருந்தது. மூன்று தரம் எண்ணினேன். பற்றுச்சீட்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை. மட்டையைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் எதிர்பாராத வருமானம் என்று ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. பேனையை எடுத்தால் கை போகவில்லை. எங்கட லாச்சியில கூட இருக்கெண்டால் என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சோதனையில் படித்தது ஒரு பக்கம், முட்டைக்காரக் கனகசபை மறுபக்கம். கனகசபை வென்றார்.

சாமிக்கு நாங்கள் கொடுக்க வேண்டியவர்கள். ஆகவே ஒன்றாம் வகுப்பு. கொடுக்க வேண்டியவை வரிசையில் 1790 என்ற இலக்கம் காலியாக இருந்தது. அதில் ஒரு கணக்கைத் திறந்தேன். தலைப்பில் என்ன எழுதுவது? கடவுளுக்கு எனக்குத் தெரிந்த ஜேர்மன் பெயர் ஒன்றுதான். பிழை கண்ட போதெல்லாம் லூடர்ஸ் அம்மையார் கூப்பிட்ட பெயர். "லீபர் கொட்", அன்புள்ள கடவுளே. அதையே அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஏழு வாரத்தில் இன்னும் சில தடவை காசு கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியது. எல்லாம் அங்கேயே போயிற்று. கடைசியில் கடவுளுக்கு நாங்கள் ஐம்பத்தைந்து மார்க் ஐம்பது கொடுக்க வேண்டியிருந்தது.

5

அம்மையார் தடி ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார். வேலைகள் குவிந்து கிடந்ததால் என் பதிவுகளை அவர் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஒக்ரோபர் மூன்றாம் வாரம் வெளியிலிருந்து வரி ஆலோசகர் வந்தார். பேரேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். மாத முடிவில் என் ஆறு மாதம் முடிகிறது. எனக்குரிய கடிதம் தட்டச்சு செய்யப்பட்டு, கையெழுத்து இல்லாமல் ஹார்ம்ஸ் ஐயாவின் மேசையில் இருந்தது. அதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஆலோசகரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"1790. அன்புள்ள கடவுளே. வலப்பக்கம் ஐம்பத்தைந்து மார்க் ஐம்பது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவர் எங்கள் வாடிக்கையாளரா, அல்லது எங்களுக்குச் சரக்குத் தருபவரா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹார்ம்ஸ் ஐயாவைக் கூப்பிட்டார்கள். ஆலோசகர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மிஞ்சிய காசு வருமானம், இரண்டாம் வகுப்பு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்றார். தொகை சின்னதுதான், ஆனால் ஒருவர் திட்டத்துக்கு வெளியே தன்பாட்டுக்குக் கணக்குத் திறக்கத் தொடங்கினால் நாளைக்கு வரிக் கந்தோருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். பிறகு ஹார்ம்ஸ் ஐயாவைப் பார்த்து, "நிரந்தரமாக்குவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள்" என்றார்.

அக்காவின் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது. அது என் கைப்பைக்குள் இருந்தது. "துறைமுகத்தில கப்பல் ஊதுற சத்தம் கேட்டால் போதும், றெஜி படலைக்கு ஓடுறாள். அம்மாட கப்பலோ எண்டு கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?" என்று எழுதியிருந்தா. அந்தக் கடிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" லூடர்ஸ் அம்மையார் என்னிடம் கேட்டார்.

என் ஜேர்மன் அப்போது மட்டையில் இருந்த அளவுதான். "இது எங்கள் காசு இல்லை" என்றேன். "எங்கள் பெட்டியில் கூட. ஆகவே வேறு ஒருவரின் பையில் குறைவு. அந்த ஆள் வரும் வரைக்கும் கடவுள் வைத்திருக்கிறார். நான் முன்பு வேலை செய்த இடத்தில் அப்படித்தான்."

அம்மையார் தடியை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் போனார். வாடிக்கையாளர் எங்களுக்குத் தர வேண்டியவற்றின் பட்டியலை எடுத்து வந்தார். காதிலிருந்த பென்சிலால் மேலிருந்து கீழே கோடு இழுத்துக்கொண்டே வந்தார். இரண்டாவது பக்கத்தின் நடுவில் பென்சில் நின்றது.

"மோலர். இழுவைப் படகுக்காரர். வர்ண எண்ணெய், ஒரு தகரம்." அவர் நிமிர்ந்தார். "பன்னிரண்டு மார்க் நாற்பது."

எனக்கு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. மழை நாள். தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த தொப்பியோடு ஒரு மனிதர் மேசையில் காசை வைத்துவிட்டு, பழைய கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். தொலைபேசியை வைத்ததும் நான் பற்றுச்சீட்டு எழுத மறந்துபோனேன். பிழை என்னுடையது. காசு பெட்டிக்குள் வந்துவிட்டது, அவர் பெயரில் கடன் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் போயிருந்தது. நான் கட்டிவிட்டேன் என்று அவர் வந்து சத்தம் போட்டதும், காகிதம் இல்லையே என்று நாங்கள் திருப்பி அனுப்பியதும் எல்லாருக்கும் தெரியும், அன்று ஆளை நேரில் காணாததால் எனக்கு மட்டும் அது பிடிபடவில்லை. மூன்றாவது கடிதம் வக்கீலிடமிருந்து போக இருந்தது.

"என் பிழை" என்றேன். "நான் எழுத மறந்தேன்."

"ஆம், உங்கள் பிழை" என்றார் அம்மையார். பிறகு ஆலோசகரைப் பார்த்துத் திரும்பினார். "ஆனால் இதை இரண்டாம் வகுப்பில் போட்டிருந்தால் லாபமென்று மறந்திருப்போம். ஒரு நேர்மையான மனிதரை நீதிமன்றத்துக்கு இழுத்திருப்போம். இவர் கொடுக்க வேண்டியது என்று எழுதியதால்தான் இப்போது தேடினோம். வகுப்பு சரி. பெயர் மட்டும் பிழை."

தன் கையாலேயே தலைப்பை ஒரு கோட்டால் வெட்டி, "காரணம் தெரியாதவை" என்று எழுதினார். 1790 இல் இருந்து பன்னிரண்டு நாற்பதை மோலரின் கணக்குக்கு மாற்றினார். மீதி நாற்பத்துமூன்று மார்க் பத்து. நவம்பர் முடியும் வரை அந்தக் கணக்கு இருக்கட்டும், ஒருவரும் வராவிட்டால் வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆலோசகர் ஒத்துக்கொண்டார். போகும்போது கதவடியில் நின்று, இந்த நாட்டின் தெற்கில் பல நூறு வருடங்களுக்கு முன் பெரிய வியாபாரிகள் தங்கள் புத்தகத்தில் ஒரு புனிதர் பெயரில் தருமக் கணக்கு வைத்திருந்ததாகப் படித்திருக்கிறேன் என்றார். அவர் அதைச் சொல்லாமலும் போயிருக்கலாம். சொல்லிவிட்டுப் போனார்.

ஹார்ம்ஸ் ஐயா மேசையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

6

றெஜினா டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை வந்தாள். அவள் வருவதற்குச் சில நாள் முன்னர் லூடர்ஸ் அம்மையார் ஒரு மண்ணிறப் பொதியை என் கதிரையில் வைத்தார். பிள்ளைக்கான சிவப்புக் கம்பளிக் கோட்டு, ஒரு சோடி சப்பாத்து.

"என் தங்கையின் மகளுடையது. வீட்டில் சும்மா கிடந்தது" என்றார். "முதல் குளிர்காலத்தில் பிள்ளை நடுங்கக் கூடாது." போருக்குப் பிறகு அவரும் கிழக்கேயிருந்து ஒரு பெட்டியோடு வந்தவர் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

விமான நிலையத்தில் றெஜினா என்னைப் பார்த்ததும் அக்காவின் கடிதங்களில் இருந்த பிள்ளையாக ஓடி வரவில்லை. கூட்டிவந்த பெண்ணின் பின்னால் ஒளிந்தாள். கோட்டைக் காட்டினேன். அதற்குள் கையை விட்டாள், பிறகுதான் என் கையைப் பிடித்தாள். மூன்று நாள் அதைக் கழற்றவே விடவில்லை, படுக்கும்போதும் அதோடுதான். நான் அம்மா என்று அவள் நம்புவதற்கு முதல் அந்தக் கோட்டை நம்பினாள்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் றெகீனா. நான் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் வரும். குசினியில் கறி தாளித்தால் தன் அறைக் கதவைச் சாத்தி, உடுப்புகளுக்கு மேல் துண்டைப் போடுவாள். வியாபாரப் பள்ளியில் படிக்கிறாள். அவளும் கணக்கியல்தான். "இது எந்த வகுப்பு, மாமா?" என்று கேட்பாள். இங்கே மாமா என்றால் அம்மா. ஊரிலிருந்து வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் என் தம்பியைத் தேடினார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் படலையில் நின்று கப்பல் பார்த்த பிள்ளை இன்று பக்கத்து அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். நான் எதைக் குறை சொல்ல?

7

நிலவறையில் அந்தப் பேரேட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. 1790. என் கையெழுத்தில் கடவுள், மேலே ஒரு கோடு, அம்மையாரின் கையெழுத்தில் "காரணம் தெரியாதவை". டிசம்பர் தொடக்கத்தில் மீதி நாற்பத்துமூன்று பத்தும் இரண்டாம் வகுப்புக்குப் போய்க் கணக்கு மூடப்பட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரு பற்றுச்சீட்டு இலக்கம்.

எங்கள் நிறுவனத்தில் சீட்டுகளையும் புத்தகங்களோடு பத்து வருடம் வைப்பார்கள். கட்டை அவிழ்த்துத் தேடினேன். அதே நாளில் ஹார்ம்ஸ் ஐயாவின் சொந்தக் கணக்கில் நாற்பத்துமூன்று மார்க் பத்து ரொக்கமாக எடுக்கப்பட்டிருந்தது. முதலாளி தன் காசைத் தான் எடுப்பதற்கு என்னத்துக்கென்று காரணம் காட்டத் தேவையில்லை. அவர் கையெழுத்துப் போட்ட துண்டு ஒன்று போதும். ஆனால் லூடர்ஸ் அம்மையாருக்கு அது போதாது. கடைச் சீட்டையும் பின்னால் குத்தி வைத்திருந்தார்.

சிறுவர் உடுப்புக் கடை ஒன்றின் சீட்டு. கம்பளிக் கோட்டு, சிவப்பு, ஒன்று. குளிர்காலச் சப்பாத்து, ஒரு சோடி. மொத்தம் எழுபத்தெட்டு மார்க் தொண்ணூறு. அதன் கீழே அம்மையாரின் பென்சில்: "நிறுவன முதலாளியிடமிருந்து 43.10. மீதி ரொக்கம், லூ." லூ என்றால் லூடர்ஸ், மீதி அவருடைய கைக்காசு.

தங்கையின் மகளுடையது என்றாரே. நிலவறையின் சீமெந்துத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

அம்மையார் இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டார். மேலே வந்து தொலைபேசி எடுத்தேன். "அந்தக் கோட்டு" என்றேன்.

"அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறதா?" என்றார். "பத்து வருடம் முடிந்துவிட்டது. லொறியில் போட்டுவிடுங்கள்."

நான் போடவில்லை. இத்தனை வருடத்தில் நிறுவனத்திலிருந்து நான் எடுத்த ஒரே காகிதம் அதுதான்.

அன்று பின்னேரம் றெஜினா குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சீட்டை அவள் முன்னால் வைத்து, கோட்டின் கதையைச் சொன்னேன். முட்டைக்கார முதலாளி, சாமியின் பக்கம், கிரேக்கச் சமையல்காரன், கதவடியில் நின்ற ஆலோசகர், எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இது சரியாகப் பதியப்படவில்லை" என்றாள் ஜேர்மனில். "முப்பத்தைந்து மார்க் எண்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை."

"ஓம்" என்றேன். "இல்லைத்தான்."

அவள் தன் கொப்பியில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினாள். அடிமட்டம் வைத்து மேலே ஒரு கோடு, நடுவில் கீழ்நோக்கி ஒரு கோடு. கணக்கு ஒன்று திறந்தாயிற்று. பேனையைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் பாலையூற்றில் விட்டுவிட்டு வந்த பாஷையை எங்கேயோ தேடி எடுத்து, மெல்லக் கேட்டாள்.

"ஆற்ற பேரில, அம்மா?"

லூடர்ஸ் அம்மையாரின் பெயரைச் சொன்னேன். வலப்பக்கம் எழுதினாள். அந்தக் கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கிறது.